அந்தப் பச்சைக் கட்டம் எதுக்கு சார்?



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். 1998ல் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன். இப்போது அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். "சார், ஒரு வழியா மனை வாங்கப் போறேன். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு" என்றான். சந்தோஷமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் லேஅவுட் படத்தையும் அனுப்பினான். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"நடுவுல பச்சையா ஒரு கட்டம் இருக்கு பாருங்க சார். பார்க்காம். அது எதுக்கு சார்? அதையும் மனையா போட்டிருந்தா சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைச்சிருப்பாங்கல்ல?"

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கை நானும் போட்டவன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பச்சைக் கட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் சுற்றி வளைத்துத்தான் வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். புறம்போக்கு. இன்று அது திட்டுகிற வார்த்தையாகிவிட்டது. வகுப்பில் யாராவது சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் அது கௌரவமான சொல். வரி போடுகிற நிலத்துக்குப் புறத்தே விடப்பட்டது என்று பொருள். பழைய கிராமக் கணக்கை எடுத்துப் பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மந்தைவெளி புறம்போக்கு, தோப்பு, பாதை, வாய்க்கால் என்று தனித்தனியாக இருக்கும். மாடு மேய, நெல் அடிக்க, பிள்ளைகள் ஓட, தேர் நிற்க ஓர் இடம். சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டையே இருக்கிறது. மாடுகள் போய் மனிதர்கள் வந்த பிறகும் பேர் மட்டும் தங்கிவிட்டது.

ஆக, எல்லோருக்கும் பொதுவாக இடம் விட வேண்டும் என்பது நமக்கு யாரோ வெளியூர்க்காரர் சொல்லிக் கொடுத்த பாடம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஊர் பெருக்கும்போது மனை போடுவது புறம்போக்கில் இல்லை, பட்டா நிலத்தில். ஒருவருடைய ஐந்து ஏக்கர் வயலை வாங்கிக் கூறு போட்டால் அதற்குள் மந்தையும் இருக்காது, களமும் இருக்காது. வயல் இருந்தபோது அந்தக் குறை தெரியவில்லை, ஊருக்குள் மந்தை இருந்தது. வயல் இருந்த இடத்தில் இருநூறு வீடு வந்துவிட்டால் அந்த வீடுகளுக்கு மந்தை எங்கே? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடத் தொடங்கியது சுமார் நூறு வருஷத்துக்கு முன்பு.

அங்கே ஒரு கப்பல் வருகிறது. உங்களுக்குத் தெரிந்த கப்பல்தான், எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரை எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டதே, அந்த ஜெர்மன் போர்க்கப்பல். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். சென்னையைச் சுட்டுவிட்டுப் போன எம்டன் இந்தியப் பெருங்கடலில் வரிசையாகக் கப்பல்களை மூழ்கடித்தது. அதில் ஒன்று கிளான் கிராண்ட். அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது ஒரு கண்காட்சி. உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள். அதைச் சேர்த்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். அடிப்படையில் உயிரியல் படித்தவர். ஊரையும் ஓர் உயிராகப் பார்க்கப் பழகியவர். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து அவர் இங்கே வந்தார். பல வருஷ உழைப்பு கடலுக்கடியில் போய்விட்டது. கெடிஸ் திரும்பிப் போகவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் இன்னொரு தொகுப்பைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறந்தது.

கெடிஸ் சென்னையோடு நிற்கவில்லை. மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று மாகாணத்து ஊர்களை நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெரிசலைக் குறைக்கிறோம் என்று வீடுகளை இடித்து நேர்நேராகச் சாலை போடத் திட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக அவர் சொன்னது: பாழடைந்த வீடுகளை மட்டும் எடுங்கள், அந்த இடத்தைச் சின்னச் சின்ன முற்றங்களாக விடுங்கள், மரம் வையுங்கள், பழைய தெரு அப்படியே இருக்கட்டும். ஊருக்குள் ஆங்காங்கே சின்னத் திறந்தவெளி, மக்கள் நடக்கிற தூரத்தில். குளங்களைத் தூர்க்காதீர்கள் என்பதும் அவர் நம் நாட்டு நகரங்களுக்குச் சொன்ன புத்திமதி. கொசுவுக்குப் பயமா, மீனையும் வாத்தையும் விடுங்கள் என்றார்.

இந்தியாவில் முதல் நகரமைப்புச் சட்டம் 1915ல் பம்பாயில் வந்தது. அடுத்து 1920ல் நம் சென்னை மாகாணச் சட்டம். ஊர் விரிவதற்கு முன்பே தெரு எங்கே, திறந்தவெளி எங்கே என்று திட்டம் போடுகிற அதிகாரம் அதில்தான் உள்ளாட்சிக்கு வந்தது. அந்தக் காலத்தில் எழுந்த புது நகரம் உங்களுக்கெல்லாம் தெரிந்த தியாகராய நகர். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய்ப் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற அதே தி. நகர்தான்.

நீதிக்கட்சி ஆட்சியில் 1923 வாக்கில் வேலை தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் இருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து அந்தப் பக்கத்தில் நகரம் போட்டார்கள். கெடிஸ் பேச்சில் பாதியைக் கேட்டார்கள், பாதியைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி போயிற்று. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பேர் மட்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருவதும் இருக்கிறது. ஆனால் வரைபடத்தின் நடுவில், சாலைகள் எல்லாம் வந்து கூடுகிற இடத்தில், சுமார் எட்டு ஏக்கரைப் பூங்காவாக விட்டார்கள். அப்போது முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசர் பேரில் பனகல் பார்க். கொஞ்சம் தள்ளி வெங்கட்நாராயணா சாலையில் நடேசன் பார்க்.

இன்று பனகல் பார்க்கைச் சுற்றி நிலத்தின் விலை என்ன என்று யோசியுங்கள். ஒரு பக்கம் பாண்டி பஜார், ஒரு பக்கம் உஸ்மான் ரோடு. மெட்ரோ ரயில் வேலைக்குக் கூட அந்தப் பார்க்கில்தான் ஒரு பகுதியை எடுத்தார்கள். அத்தனை நெருக்கடியிலும் காலையில் அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு காலி நிலமாக இருந்தபோது விட்டதால்தான் அது இருக்கிறது. கட்டிடம் வந்த பிறகு எட்டு ஏக்கர் பார்க் வேண்டும் என்று அங்கே யாராவது கேட்டால் சிரிப்பார்கள்.

பூங்காவுக்கு இடம் விடுவதற்கு ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு, கல் நடுவதற்கு முன். அந்தச் சந்தர்ப்பத்தைத் தனியார் மனைப்பிரிவிலும் விட்டுவிடக் கூடாது என்றுதான் 1971ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன் பின் வந்த விதிகளும் வந்தன. திறந்தவெளி ஒதுக்கீடு, ஓஎஸ்ஆர் என்று புரமோட்டர்கள் சொல்வது இதைத்தான்.

விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மனை போடுகிற நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், சாலை போக மிச்சத்தில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கு விட்டே ஆக வேண்டும். பதிலுக்குப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடம் விடலாம், விட முடியாவிட்டால் அந்தப் பத்து சதவீதத்தின் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000க்குக் கீழ் எதுவும் இல்லை. அப்படி விடுகிற இடத்தை உள்ளாட்சி அமைப்பின் பேருக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்தால்தான் இறுதி அனுமதி.

இப்போது கணக்கு. நிலம் ஐந்து ஏக்கர். சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மிச்சம் மூன்றரை. அதில் பத்து சதவீதம் 35 சென்ட். சுமார் 15,250 சதுர அடி, ஆறு கிரவுண்டுக்கு மேல். புரமோட்டர் பக்கம் நின்று பாருங்கள். ஆறு மனை! மனசு கேட்குமா? அதனால்தான் அந்தப் பச்சைக் கட்டம் பல ஊர்களில் கோணல் மூலையில், உயர் மின்அழுத்தக் கம்பிக்கு அடியில், தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் போய் உட்கார்கிறது. விற்க முடியாத இடம் பார்க் ஆகிவிடுகிறது. 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். பெரிய நிலத்தை 70, 70 சென்ட்டாகத் துண்டுபோட்டுத் தனித்தனி மனைப்பிரிவு என்று காட்டத் தூண்டுவதும் இந்தக் கணக்குதான்.

இனி என் கதை.

1988. தாம்பரம் தாண்டி ஒரு கிராமத்தில் இரண்டு மனைப்பிரிவுகள் அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வண்டிப்பாதைதான் எல்லை. ஒன்றுக்கு முறையான அனுமதி உண்டு. அகலத் தெரு, நடுவில் பார்க். கிரவுண்டு 22 ஆயிரம். இன்னொன்று பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் போட்ட மனைப்பிரிவு. தெரு குறுகல், பார்க் கிடையாது. கிரவுண்டு 17 ஆயிரம். ஐந்தாயிரம் ரூபாய் அன்றைக்கு எனக்கு மூன்று மாதச் சம்பளத்துக்குப் பக்கம். உங்கள் டீச்சரம்மா, அதாவது என் மனைவி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைங்க எங்கே விளையாடும்?" நான் கையை விரித்து நாலாபக்கமும் காட்டினேன். "எல்லாம் காலி மனைதானே! இதைவிடப் பெரிய பார்க் எங்கே இருக்கு?"

மொஹஞ்சதாரோவின் தெருக்களை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் சொன்ன பதில் அது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் என் பதில் சரியாகத்தான் இருந்தது. என் பிள்ளைகள் காலி மனைகளில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தார்கள். பிறகு ஒவ்வொரு மனையாக வீடு வந்தது. கடைசிக் காலி மனையில் 2006ல் கடைக்கால் தோண்டினார்கள். இன்று என் பேரன் விடுமுறைக்கு வந்தால் தெருவில்தான் சைக்கிள். எதிரே தண்ணீர் லாரி திரும்பினால் வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பையனுக்கு அப்படித்தான் கால் முறிந்தது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு என்னைத் தினமும் அரைமணி நடக்கச் சொன்னார் டாக்டர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி 40 சுற்று நடந்து பார்த்தேன், தலைதான் சுற்றியது.

2016ல் அனுமதி இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. நானும் வரிசையில் நின்று கட்டணம் கட்டி உத்தரவு வாங்கினேன். என் மனை சட்டப்படி சரியாகிவிட்டது. ஆனால் எந்தக் கட்டணம் கட்டினாலும் எங்கள் தெருவுக்கு ஒரு பார்க் முளைக்காது. இடமே இல்லையே.

அந்த வண்டிப்பாதைக்கு அப்புறம் இருக்கிற நகருக்கு வருவோம். அங்கேயும் பார்க் சும்மா தங்கிவிடவில்லை. இருபது வருஷம் முள்ளுச்செடி மண்டிக் கிடந்தது. ஒரு நாள் காலை யாரோ கல் நட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பழைய நிலக்காரர் வாரிசிடம் கிரயம் வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். 1980களில் மனை வாங்கியபோது கொடுத்த லேஅவுட் நகலை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்த அனுமதி எண்ணைப் பிடித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகலை எடுத்தார்கள். எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். இரண்டு வருஷம் ஆயிற்று. வேலி போனது. இப்போது அங்கே வேப்பமரம், ஊஞ்சல், சுற்றி நடைபாதை. தினமும் மாலை நான் அங்கேதான் நடக்கப் போகிறேன். நல்ல மனிதர்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. புதிதாகக் குடிவந்தவர் யாராவது "சார் எந்தத் தெரு?" என்று அன்பாகக் கேட்டால் மட்டும், வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகிறது.

இந்த மாதிரிப் போராட்டங்களுக்குத் துணையாக ஒரு தீர்ப்பு இருக்கிறது. பெங்களூர் சதாசிவநகர்ப் பக்கத்து மனைப்பிரிவு ஒன்றில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கினார்கள், முதலமைச்சர் அளவில் முடிவெடுத்து. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பொதுநன்மைதானே என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1991ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. பூங்காவுக்கு விட்டது பூங்காவுக்குத்தான், அதைக் கேட்க அங்கே வசிக்கிறவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒதுக்கீட்டை ரத்து செய்தது செல்லும் என்றது. நம் பத்து சதவீத விதியையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள். கட்டாயப்படுத்தி வாங்கினால் அது எப்படித் தானம், இழப்பீடு தராமல் நிலம் எடுப்பதுதானே என்று சென்னை வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

இன்னும் ஒரு விஷயம், பாதை. சிங்கப்பூரில் இருக்கிற என் மாணவி ஒருத்தி அழைத்துப் போய்க் காட்டியது. அங்கே 1990களில் ஒரு வேலை தொடங்கினார்கள். பூங்காவை மட்டும் போட்டால் போதாது, ஒரு பூங்காவில் இருந்து இன்னொன்றுக்கு ரோட்டில் இறங்காமல் நடந்து போக வேண்டும் என்று. நிலமோ கையளவு. எங்கே இடம் பிடித்தார்கள் தெரியுமா? பெரிய வடிகால்களின் ஓரத்தில் பராமரிப்புக்காக விட்டிருந்த பட்டையைக் கொஞ்சம் அகலப்படுத்தி மரம் வைத்துப் பாதை போட்டார்கள். இன்று அந்தப் பாதைகள் சேர்ந்து 300 கிலோமீட்டருக்கு மேல். நடக்கிறவர், சைக்கிள் ஓட்டுகிற பிள்ளை, சக்கர நாற்காலியில் பாட்டி எல்லோருக்கும் அதுதான் வழி.

நம் ஊரில் அந்தப் பட்டை இல்லையா? இருக்கிறது. வாய்க்கால் கரை, ஏரிக்கரை, வண்டிப்பாதை. சர்வே படத்தை எடுத்தால் புள்ளிக்கோடாகத் தெரியும். இரண்டு மனைப்பிரிவுக்கு நடுவே வண்டிப்பாதை போகிறது என்றால் இரண்டு பார்க்கையும் அதன் ஓரமாக விட்டிருக்கலாம். இரண்டு 35 சென்ட்டும் ஒரு பாதையும் சேர்ந்தால் ஒரு ஊர் நடக்கலாம். நாம் ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித் தீவாகப் பார்த்து அனுமதி கொடுக்கிறோம். என் மாணவர்களில் நகரமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், மனை போட்டு விற்கிறவர்களும் இருக்கிறீர்கள். இந்தப் பத்தியை இன்னொரு தரம் படியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு வீட்டுப்பாடம் நான்கு. ஒன்று, டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அலுவலகத்தில் இருக்கிற படமும் உங்களுக்குக் காட்டிய படமும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு, பூங்காவுக்கும் சாலைக்கும் எழுதிய தானப் பத்திரத்தின் எண்ணைக் கேட்டு நகல் எடுங்கள். மூன்று, உங்கள் மனைக்கு வில்லங்கம் பார்க்கும்போது பார்க் இருக்கிற சர்வே எண்ணுக்கும் பாருங்கள், பட்டா உள்ளாட்சி பேருக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு, நேரில் போய் அந்த இடத்தில் நில்லுங்கள். மேலே கம்பி போகிறதா, கீழே தண்ணீர் நிற்கிறதா, ஒரு குழந்தை தனியாக நடந்து வர வழி இருக்கிறதா? எல்லாவற்றையும் நகல் எடுத்து, அந்தத் தபால்காரப் பெரியவர் மாதிரி, ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். குடி போன முதல் வருஷமே நாலு வேப்பங்கன்று நட்டுவிடுங்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் கல் நடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

போன் பண்ணிய பையனுக்கு என் பதில் இதுதான். தம்பி, அந்தப் பச்சைக் கட்டத்துக்கும் சேர்த்துத்தான் நீ பணம் கொடுக்கிறாய். அதனால் அது உன்னுடையது, உன் தெருவில் எல்லோருடையதும். விலை குறையுமா என்று கேட்காதே. தானப் பத்திரம் எங்கே என்று கேள். முடிந்தால் பார்க்குக்கு எதிர் மனையையே எடு. கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். டீச்சரம்மா இதைப் படித்துவிட்டு, "முப்பத்தைந்து வருஷம் கழிச்சாவது என் கேள்விக்குப் பதில் வந்துச்சே" என்கிறார்.

உங்கள் தெருவில் பார்க் இருக்கிறதா, இருந்து போய்விட்டதா, ஊரைச் சொல்லிக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். மெதுவாகத்தான் பதில் போடுவேன், இடது கண்ணில் புரை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்